தலை பெருத்த எச்சரிக்கை

இதனால் வங்கக் கடலுக்கும், அதன் அலைகளுக்கும், அவற்றின்மேல் அவ்வப்போது கிளம்பி வரும் காற்றுக்கும் கண்டிப்புடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: 2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து, அரசாங்கத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் புதுச்சேரிக் கரையில் சீறுவதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது.

இந்த வாசகம் எந்த அரசிதழிலும் வந்ததில்லை. ஆனால் 'கடலோர மக்கள் முன்னெச்சரிக்கைத் தகவல் மையம்' திறக்கப்பட்ட அன்று அதன் இயக்குநர் தட்சிணாமூர்த்தி மேடையில் நின்று நாற்பது நிமிஷம் முழங்கியதை ஈரத்துணி போல முறுக்கிப் பிழிந்தால் சொட்டுவது இவ்வளவுதான். சுனாமி வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது; இனி கடல் மூச்சு விட்டாலும் கம்பி வழியே குப்பத்துக்குச் செய்தி போகும் என்றார். முதல் கட்டமாக வைத்திக்குப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டாதவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள்.

மையம் இருந்தது பீச் ரோட்டுக்கு இரண்டு தெரு மேற்கே, பிரான்சில் குடியேறிவிட்ட ஊரார் 'முசே' என்று அழைத்த ஒருவர் குடும்பத்திடமிருந்து வாடகைக்கு எடுத்த மஞ்சள் வீட்டில். அவர்கள் உட்கார்ந்து சூப் குடித்த கூடத்தில் இப்போது மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும் நாகராஜும் இருந்தார்கள். நாகராஜ் வைத்திக்குப்பத்துப் பிள்ளை. பாலிடெக்னிக்கில் படித்தவன். திறப்பு விழாவுக்கு ஏழு மாதம் முன்பிருந்தே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்த ஊழியன். அந்த மூன்று மாதத்தில் முதல் மாதம் நிம்மதியாகவும், இரண்டாம் மாதம் கவலையாகவும், மூன்றாம் மாதம் இயக்குநரின் கார் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றும் வாழ்ந்து பழகியவன்.

நவம்பர் மாதத்து அந்த வியாழக்கிழமை அவனுக்கு மூன்றாம் மாதம்.

மதியம் இரண்டே முக்காலுக்குச் சென்னையிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. காற்றழுத்தத் தாழ்வு திடீரென்று வலுத்துத் திசை திரும்பியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே பலத்த காற்று, பத்தடிக்கு மேல் அலை. படித்து முடித்ததும் நாகராஜ் மணி பார்த்தான். வைத்திக்குப்பத்தில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் நாலு மணிக்கு ஃபைபர் போட்டைத் தள்ளுவார்கள். மறுநாள் காலையில்தான் கரை திரும்புவார்கள். அன்றைக்குப் போகிற போட்டுகள் முப்பத்தொன்று. அதில் ஒன்று அவன் அக்காள் புருஷன் கமலக்கண்ணனுடையது.

ஃபேக்ஸில் இருந்ததை நான்கு வரித் தமிழாக்கி, அலைவரிசை என்று பெயர் வைத்திருந்த மென்பொருளில் தட்டினான். பொத்தானை அழுத்தினான். மென்பொருள் தன் வழக்கப்படி அந்த நான்கு வரிக்கு மேலே தலைப்பைப் பொருத்தியது. தலைப்பு என்றால் சாதாரணத் தலைப்பல்ல. நடுவில் கலங்கரை விளக்கப் படம். அதன் கீழே, மையம் உருவாகக் காரணமாயிருந்த பதினோரு பெருமக்களின் பெயர்கள், அடைமொழிகளோடு, படிப்புகளோடு, பதவிகளோடு, பதவி போனவர்களுக்கு முன்னாள் பதவிகளோடு. யார் யாருக்கு மேல் என்பதை முடிவு செய்ய மட்டும் நான்கு கூட்டம் நடந்தது.

திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 'அனுப்பப்படுகிறது' என்று எழுதிக்கொண்டே சுற்றியது. ஐந்து நிமிஷம் சுற்றியது.

நாகராஜ் வைத்திக்குப்பத்துக் கிளை மையத்துக்கு போன் போட்டான். அங்கே பொறுப்பில் இருந்தது அவன் அக்காள் அஞ்சலாட்சி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கூரைமேல் கடலைப் பார்த்துத் திரும்பிய நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், இவ்வளவும் அவள் ராஜ்ஜியம்.

"இன்னாடா, ஒண்ணும் வரலியே" என்றாள். "நேத்து சோதனைன்னு அனுப்பினியே, அது வந்துச்சு. இன்னிக்கு ஒண்ணும் இல்ல."

அவன் விஷயத்தைச் சொன்னான். வாயால் சொல்வதை வைத்துத் தான் ஒன்றும் செய்ய முடியாது என்று அவனுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

தெரியும். சுனாமிக்குப் பிறகு இதுவரை ஆறு தடவை யாரோ யாருக்கோ போன் செய்து, தண்ணி வருது என்று கிளப்பிவிட்டு, குப்பமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியிருக்கிறது. மையம் திறந்த பிறகு போன மாதம் நடந்த கடைசி ஓட்டத்துக்குக் காரணம் அஞ்சலாட்சி. அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு போனை நம்பி மைக்கில் சொல்லிவிட்டாள். ஓட்டத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தது. பஞ்சாயத்தார் கூடி, அவளைக் கோயில் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். அத்தோடு ஒரு தீர்மானமும் போட்டார்கள்: போனில் வந்த சேதி, வாயில் வந்த சேதி, டிவியில் தினம் ஓடுகிற சேதி எதற்கும் கடலுக்குப் போகிற போட்டு நிற்காது. மையத்துக் கம்ப்யூட்டரில் வந்து, தலைப்போடு அச்சாகி, பஞ்சாயத்தார் கண்ணால் பார்த்த காகிதத்தைத்தான் மைக்கில் படிக்க வேண்டும். அதையும் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் முழுசாகப் படிக்க வேண்டும்.

இதைக் கேட்டு இயக்குநர் பூரித்துப்போனார். மக்கள் விழிப்புணர்வு பெற்றுவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். வைத்திக்குப்பம் நவீனமாகிவிட்டதால், மொபெட்டில் மெகாபோனோடு குப்பம் குப்பமாகப் போய்ச் சொல்லும் மீன்வளத் துறை ஆளின் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடிக்கவும் ஏற்பாடு செய்தார். அந்த ஆள் இந்நேரம் குருசுக்குப்பத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். வைத்திக்குப்பத்தைத் தாண்டும்போது மெகாபோனை மடியில் வைத்துக்கொள்வார். உத்தரவு அப்படி.

"நான் நேர்ல வரட்டாக்கா? பத்து நிமிஷம்" என்றான் நாகராஜ்.

"வந்து? நீ என் தம்பி. மாமனக் காப்பாத்த ஊரு பொழப்பக் கெடுக்கறான்னுவாங்க. காயிதம் அடிச்சிக் கொண்டாயேன்."

அச்சடிக்க இங்கே மை இல்லை. இருந்த மையெல்லாம் திறப்பு விழா அழைப்பிதழில் தீர்ந்துவிட்டது. புது மைக்கான கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மணி. கருவிகளை வைத்துக் கொடுத்த சென்னை ஆலோசகருக்கு போன் செய்தான். அவர், சோதனைச் செய்தி போகிறதா என்று கேட்டார். போகிறது. அப்படியானால் லைன் அருமையாக இருக்கிறது, ஏன் பதறுகிறீர்கள் என்று வைத்துவிட்டார்.

சோதனை போகிறது, எச்சரிக்கை போகவில்லை. நாகராஜ் முழங்கைகளை மேஜையில் ஊன்றி, விரல்களைத் தலைமயிருக்குள் விட்டுக்கொண்டு அதையே நினைத்தான். இரண்டுக்கும் ஒரே கம்பி, ஒரே பெட்டி, ஒரே வழி. வித்தியாசம் என்ன? அது சின்னது. இது பெரியது.

சோதனைத் திரையைத் திறந்தான். அதில் தலைப்பு ஒட்டிக்கொள்ளாது. 'சோதனை' என்ற ஒரே சொல்லுக்குக் கீழே நாம் தட்டுவது அப்படியே போகும். நூறு 'அ' தட்டி அனுப்பினான். வந்துச்சா என்றான். வந்துச்சு என்றாள். இருநூறு. வந்தது. முந்நூறு, நானூறு. வந்தன. அவள் நடுவில், மாமா வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், செல்லை வழக்கம்போல மாடத்தில் வைத்துவிட்டுத்தான் போனார், உப்பு பிடிச்சிக்குமாம் என்று சொன்னாள். ஐந்நூறு 'அ' அனுப்பினான்.

"வரல."

நானூற்றைம்பது வந்தது. நானூற்றெண்பது வரவில்லை.

பாலிடெக்னிக்கில் ஒரு பீரியடில் கேட்டு, பரீட்சைக்கு எழுதி, மறந்துபோன பாடம் எழுந்து வந்து எதிரில் நின்றது. கம்பியில் போகிற எதுவும் மொத்தமாகப் போவதில்லை. பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் எங்கிருந்து, எங்கே என்ற விலாசம் இருக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு அளவு உண்டு. மையம் பாதுகாப்புக்காக ஒவ்வொரு பொட்டலத்தையும் இன்னொரு உறைக்குள் போட்டு, அந்த உறைக்கும் ஒரு விலாசம் எழுதி அனுப்பியது. உறைக்கு உறை போட்டால் பொட்டலம் வீங்கும். வீங்கியது வாசலில் இடிக்கும்.

இடித்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வாசலில் இருக்கும் இயந்திரம் நாகரிகமானது. பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, ஐயா, உங்கள் பொட்டலம் பெரிது, சின்னதாக வெட்டி அனுப்புங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதித் திருப்பி அனுப்பும். அனுப்பியவர் வெட்டி அனுப்புவார். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் உலகம் முழுக்கத் தட்சிணாமூர்த்தி இல்லை. கருவிகளை வைத்த அன்று ஆலோசகர் இந்தத் துண்டுச்சீட்டு சமாசாரத்தை விளக்கினார். இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியில் போகிற இயந்திரமெல்லாம் நம் அலுவலகத்துக்குச் சீட்டு அனுப்புமா? மேலிருந்து கீழே போவது தகவல். கீழிருந்து மேலே வருவது புகார். புகார் வாங்குவதற்கு இது மையமா, மாட்டுத் தொழுவமா? அவற்றை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். ஆலோசகரும், அது பாதுகாப்புக்கு நல்லதுதான் சார் என்று நிறுத்திவிட்டுப் போனார். அதை மாற்றுவதற்கான பாஸ்வேர்டை அரக்கு வைத்த கவரில் போட்டு இயக்குநர் தம் வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார்.

ஆக, கிட்டத்தட்ட அரை மணி நேரமாக ஏதோ ஒரு இயந்திரம் வெட்டி அனுப்பு, வெட்டி அனுப்பு என்று சீட்டு எழுதிக்கொண்டே இருக்கிறது. மையத்தின் வாசல் அதைக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது.

தலைப்பின் படத்தை எடுத்துவிட்டால்? நாகராஜ் கணக்குப் போட்டான். படம் போனாலும் பெயர்கள் இருக்கின்றன. 'மாண்புமிகு' என்றால் நமக்கு ஐந்து எழுத்து. இயந்திரம் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிப் பத்து என்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் ஒதுக்கும். ஒரு மாண்புமிகு முப்பது இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். பதினோரு பேரும் அடைமொழியோடு உட்கார்ந்தால் வாசல் நிறைந்து, இன்னொரு வாசலும் பாதி நிறையும். புயலுக்கு நிற்க இடமில்லை.

மூன்று இருபதுக்கு இயக்குநருக்கு போன் செய்தான். அவர் பெரிய ஓட்டல் ஒன்றில், பேரிடர் நேரத்தில் தகவலின் பங்கு என்ற கருத்தரங்கில் மேடையில் இருந்தார். மூன்றாவது தடவை எடுத்துக் கிசுகிசுத்தார். நாகராஜ் குழறிக் குழறிச் சொல்லி முடித்தான்.

"அப்போ விஷயத்தைக் குறைங்க. தலைப்புல கை வைக்காதீங்க."

"சார், விஷயமே இல்லாம வெறும் தலைப்ப அனுப்பினாக்கூடப் போகாது சார்."

அது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அவர் அனுபவத்தில் விஷயம் இல்லாத தலைப்புகள் எங்கும் தங்குதடையின்றிப் போயிருக்கின்றன.

"சார், மூணு துண்டா அனுப்பட்டுங்களா? முதல்ல ஒரு நாலு பேரு, அப்பறம் நாலு பேரு, மூணாவதுல மிச்ச மூணு பேரோட புயல்."

இயக்குநரின் கிசுகிசுப்பு உயர்ந்தது. "நாகராஜ், அஞ்சாவது பேரு யாருன்னு தெரியுமில்ல? அவர ரெண்டாந்துண்டுல போட்டேன்னு தெரிஞ்சா நானும் இல்ல, நீயும் இல்ல. துண்டு கிண்டுன்னு பேசாத. முழுசா அனுப்பு. போகலன்னா திரும்பத் திரும்ப அனுப்பு. நான் பேசப்போறேன், என்னைக் கூப்பிடறாங்க."

தொடர்பு அறுந்தது. அந்தக் கடைசி நொடியில் பின்னணியில் கைதட்டல் கேட்டது.

மூன்று இருபத்தெட்டு. உயரமான ஜன்னல் வழியே வானம் தெரிந்தது. நல்ல வெயில். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. மேகம் கறுத்திருந்தால் மாமாவே நின்றுவிடுவார். இந்த வெயிலைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே போவார். அவர் சிரிப்பது நாகராஜுக்குத் தெரிந்தது. பின்பக்கம் நின்று இன்ஜின் கயிற்றைச் சுண்டுவது தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம், ஒப்பந்தப் புதுப்பிப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடும் இயக்குநரின் விரல்களும் தெரிந்தன. வெட்கக்கேடு என்னவென்றால், அரை நிமிஷம் போல அவனுக்கு இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிந்தன.

பிறகு சோதனைத் திரையைத் திறந்தான். தலைப்பில்லாமல் தட்டினான்: இன்று மாலை ஆறு மணிக்கு மேல் பலத்த காற்று, பத்தடி அலை. யாரும் கடலுக்குப் போக வேண்டாம். போனவர்கள் உடனே கரை திரும்பவும். அழுத்தினான்.

"வந்துச்சு" என்றாள் அஞ்சலாட்சி. பிரிண்டர் கரகரவென்று இழுக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. பஞ்சாயத்தாரில் மூத்தவரான மண்ணாங்கட்டியைக் கூப்பிட ஆள் விட்டிருப்பதாகச் சொன்னாள். போனை வைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டாள். நாகராஜ் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, காது மட்டுமாக ஆனான்.

மண்ணாங்கட்டி வந்த செருப்புச் சத்தம். காகிதம் கைமாறும் சத்தம்.

"தலையில்லியே" என்றது அவர் குரல். "மேல சோதனைன்னு வேற போட்டுருக்குது. இது மொட்டக் கடுதாசி. இதுக்கெல்லாம் போட்ட நிறுத்துனா நாளைக்கி எவன் வேணா எதையும் அனுப்புவான். பெரியவங்க பேரோட வரட்டும்."

அவர் கெட்டவரல்ல. அவர் மகனும் போட்டில் போகிறவன்தான். தீர்மானம் போட்ட கையால் தீர்மானத்தை மீற முடியாது, அவ்வளவே. செருப்புச் சத்தம் வாசற்படிவரை போய் நின்றது. பெரியவர்களுக்காகக் காத்திருக்கிறார் போலும்.

"அக்கா" என்று நாகராஜ் போனுக்குள் கூப்பிட்டான். "அக்கா, பேருங்கள மூணு துண்டா இதுலயே அனுப்பறேன். ரெண்டு நிமிஷம்."

"வேணாம். எங்கிட்டயே தலை இருக்குது" என்றாள் அவள்.

திறப்பு விழா அன்று வாழ்த்துச் செய்தி ஒன்று கம்பி வழியே வரவேண்டியிருந்தது. ஏதோ சின்னத் தொழில்நுட்பக் காரணத்தால் வரவில்லை. அதனால் அதைச் சிடியில் போட்டு ஜீப்பில் கொண்டுவந்து அச்சடித்து, கம்பியில் வந்ததாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கலங்கரை விளக்கம், பதினோரு பெயர், எல்லாம் கலரில். அஞ்சலாட்சி அதைச் சுவரிலிருந்து பிய்க்கும் சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பசை இல்லை என்று முணுமுணுத்தாள். தூக்குவாளியைத் திறக்கும் சத்தம். மதியச் சோற்றில் நாலு பருக்கையை நசுக்கியிருப்பாள். சோதனை என்ற சொல்லின்மேல் பெருமக்கள் அமர்ந்தார்கள்.

"பெரியப்பா, தலையோட வந்துடுச்சி. பாருங்க."

மண்ணாங்கட்டி பார்த்தார். காகிதம் ஈரமாக இருக்கிறதே என்றார். இப்பதான் வந்துச்சி, அதான் என்றாள். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினார். நாகராஜ் அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று வந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு.

"படி" என்றார்.

ஸ்பீக்கர் கொர்ரென்று விழித்துக்கொண்டது. அஞ்சலாட்சியின் குரல் இப்போது போனில் ஒருமுறையும் கூரையிலிருந்து ஒருமுறையும் கேட்டது. மாண்புமிகு என்று ஆரம்பித்தாள். முதல் பெயர் முடிய அவருடைய வாரியங்கள், கழகங்கள், பட்டங்கள் எல்லாம் முடிய வேண்டியிருந்தது. இரண்டாம் பெயர். மூன்றாம் பெயர். கரையில் ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. திறப்பு விழா அன்று கேட்ட அதே பெயர்கள். இன்னொரு விழாவுக்கு நாற்காலி போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஏலேலோ போட்டுப் போட்டைத் தள்ளும் சத்தம் வந்துகொண்டேயிருந்தது.

"அக்கா, தலைப்ப விடு, கீழ படி" என்று நாகராஜ் கத்தினான். மேஜைமேல் கிடந்த ரிசீவருக்குள் அவன் கொசு போலத்தான் கேட்டிருப்பான். அவள் பக்கத்திலேயே மண்ணாங்கட்டி நின்றார். நான்காம் பெயர். யாரையும் இரண்டாந்துண்டில் போடக்கூடாத அந்த ஐந்தாம் பெயர். அதுவே அரை நிமிஷம். ஆறு.

முதல் இன்ஜின் கிளம்பியது. டபடபடப என்று போனுக்குள் நுழைந்தது. பிறகு இன்னும் இரண்டு. இன்னும் நாலு இன்ஜின் கிளம்பினால் ஸ்பீக்கரில் சாமியே பேசினாலும் கரையில் கேட்காது. நாகராஜ் எழுந்து நின்றான். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். அஞ்சலாட்சியின் குரல் ஏழாம் பெயரில் உடைந்தது. முன்னாள் துணைத் தலைவர் என்றவள், அதற்குமேல் போகவில்லை. ஜன்னல் வழியே அவளுக்கு எந்தப் போட்டு தெரிந்ததோ.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுவாள். அந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். சொன்னால் கடலில் அவன் ஆயுசு குறையும்.

"கமலக்கண்ணா" என்றது நான்கு ஸ்பீக்கரும். "யோவ் கமலக்கண்ணா, திரும்பி வாய்யா. காத்து வருதுய்யா. போனா சாவ."

அப்புறம் நாகராஜுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏலேலோ நின்றிருந்தது. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முப்பத்தொரு போட்டுக்காரர்களும், கரையில் மீன் கூடையோடு நின்ற பெண்களும், ஒரு பெண்டாட்டி ஊரறியப் புருஷன் பெயரைக் கூவிய திசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்த நிசப்தம் அவனுக்கு அலையைவிடப் பெரிய பயமாக இருந்தது. மாமா அதற்குள் வெகுதூரம் போயிருந்தால்?

அரை நிமிஷம் கழித்து மண்ணாங்கட்டி, ரொம்ப மெதுவாக, "கீழ இருக்கறதயும் படிச்சிடு" என்றார். நான்கு வரி. பதினைந்து நொடி.

கமலக்கண்ணன் கரையோரம் அலை மடிந்து உடையும் இடத்தைத் தாண்டியிருந்தான். போட்டைத் திருப்பியது காற்றுக்குப் பயந்து அல்ல. பெண்டாட்டியை என்ன ஏது என்று கேட்கத்தான். அவன் திரும்பியதைப் பார்த்து, அந்தச் சண்டையைத் தவறவிட மனமில்லாமல், முன்னால் போயிருந்த இரண்டு போட்டும் திரும்பின. மையத்துக்குள் அவன் நுழைந்து, "இன்னாடி சொன்ன" என்று ஆரம்பித்ததும், அவள் ஓவென்று அழுததும் போனில் கேட்டது. நாகராஜும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே அழுதான். ஃபேக்ஸ் இயந்திரம் தவிர யாரும் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வெயில் போனது. ஆறேகாலுக்குக் காற்று வந்தது. மேடேற்றிக் கட்டியிருந்த போட்டுகளில் நான்கைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டது. குப்பத்து மையத்தின் கூரையையும் ஸ்பீக்கரையும் பிய்த்துக்கொண்டு போனது. ஆட்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். கமலக்கண்ணன் ஒன்பது நாள் அஞ்சலாட்சியோடு பேசவில்லை. பத்தாம் நாள், குழம்புக்கு உப்பில்லை என்றான்.

இயக்குநர் முதலில் நாகராஜுக்கு ஒரு மெமோ கொடுத்தார்: தலைப்பின்றிச் செய்தி அனுப்பியது ஏன், பெருமக்களை அவமதிக்கும் உள்நோக்கம் உண்டா. இரண்டு நாளில், முப்பத்தொரு போட்டைக் காத்த மையம் என்று பேப்பரில் வந்தது. மெமோ திரும்பிப் போனது. சீட்டுகளை உள்ளே விட வாசலைத் திறக்க வேண்டும் என்று நாகராஜ் எழுதிக் கொடுத்த குறிப்பு, புது மை கேட்ட கோப்பின் பின்னாலேயே நகர ஆரம்பித்தது. ஆனால் அவன் சேவையைச் சும்மா விட்டுவிடவில்லை. டிசம்பரில் பாராட்டு விழா எடுத்து, சால்வை போர்த்தி, ஒப்பந்தத்தையும் நீட்டித்து, மையத்தின் தலைப்பில் பன்னிரண்டாவதாக அவன் பெயரையும் சேர்த்தார்கள்.

மற்ற பதினோரு பெயர்களைவிடத் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பதாக நாகராஜ் ஒரு மனு கொடுத்தான்.